பாலிகாகும் வயதுப் பிள்ளைகளும் நாமும்

 

மூன்று பேரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற நாயக வாக்கை நம் வீடுகளில் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார்கள். தூங்குகிறவர் விழிக்கும் வரை. புத்தி பேதலித்தவர் தெளியும் வரை. குழந்தை பருவமடையும் வரை. அப்படியானால், உயர்ந்திருந்த எழுதுகோல் ஏட்டின் மீது இறங்குகிற நாள் என்று ஒன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வரத்தானே செய்யும்? சிலருக்குப் பதினொன்றில் வருகிறது. சிலருக்குப் பதின்மூன்று, பதினான்கில் வருகிறது. அடையாளம் எதுவும் தென்படாவிட்டாலும், சந்திர ஆண்டுக் கணக்கில் பதினைந்து முடிந்தால் அவர் பாலிக் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு. அல்லது அதை ஒட்டிய வருடம்.

நேற்று வரை தொழாமல் தூங்கினாலும் அவன் மீது குற்றமில்லை. இன்று விட்ட சுபுஹுக்கு அவனே பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய பாரம் ஒரு பிள்ளையின் தோளில் ஏறுகிற அதே காலத்தில்தான், வீட்டிலும் ஓதும் பள்ளியிலும் அவனோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள் குறைந்து போகிறார்கள். ஐந்து வயதில் தோளில் தூக்கிக் கொண்டு பள்ளிவாசலுக்குப் போனோம். பதினெட்டு வயதில் என்ன படிப்பு, எங்கே வேலை என்று கவலைப்படப் போகிறோம். நடுவிலே இருக்கிற பன்னிரண்டு வயது யார் கண்ணிலும் படுவதில்லை.

இதனை நெய்வேலியை முன்வைத்து எழுதுகிறோம். அந்த ஊரின் வாழ்க்கை முறையில் இந்தக் குறை நன்றாகத் தெரிகிறது என்பதே காரணம். மற்ற ஊர்களில் இல்லை என்பதற்காக அல்ல. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957-இல் சுரங்கம் தோண்டும் வேலை ஆரம்பமாகி, 1962-இல் மின்சாரம் பிறந்தது. வட்டம் வட்டமாக வீடுகள் எழுந்தன. பல ஜில்லாக்களிலிருந்தும் மக்கள் வேலைக்காக வந்து குடியேறினார்கள். நம் சமுதாயத்தாரும் வந்தார்கள். சொந்த ஊரில் இருந்திருந்தால் ஒரு பையனுக்கு தாதா, நன்னி, பெரியத்தா, சாச்சா, மாமு என்று பத்துப் பேர் இருந்திருப்பார்கள். அத்தாவிடம் சொல்ல முடியாததை மாமுவிடம் சொல்லியிருப்பான். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அத்தாவும் அம்மாவும் மட்டும்தான்.

அந்த அத்தாவுக்கும் ஷிப்டு வேலை. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவென்றும் பகலென்றும் பார்த்து நிற்பதில்லை. செகண்ட் ஷிப்டு வாரத்தில் அவர் வேலைக்குப் புறப்படும்போது மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். அவர் திரும்பும்போது தூங்கிவிட்டான். நைட் ஷிப்டு வாரத்தில் பகலில் அவர் தூங்குகிறார். “சத்தம் போடாதே, அத்தா படுத்திருக்கிறார்” என்பதுதான் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் முதல் சொல். ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு, ஒரு வாரம் முழுவதும் தகப்பனும் மகனும் ஒரு சஹனில் உட்கார்ந்து சாப்பிடாமலே கழிந்துவிடுகிறது.

இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. குடும்பத்துக்காக ஹலாலான சம்பாத்தியம் தேடி வியர்வை சிந்துவது அல்லாஹ்விடத்தில் கூலி பெறும் காரியம். ஆனால், மிச்சமாகக் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நாம் என்ன பேசுகிறோம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். “தொழுதியா? ஓதினியா? எத்தனை மார்க்கு?” இந்த மூன்றுதான். மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் மூன்றும் கணக்கு கேட்கும் கேள்விகள். கணக்கு கேட்கிறவரிடம் எந்தப் பிள்ளையும் மனம் திறந்து பேசாது. “ம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

மதரஸாவின் நிலை என்ன? சிறு பிள்ளைகள் அலிஃப், பே என்று சத்தமாக ஓதும்போது ஹஜ்ரத்தின் முன்னால் இடம் போதாது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் கூட்டம் கரைகிறது. “குர்ஆன் கத்தம் ஆகிவிட்டது ஹஜ்ரத், இனி டியூஷன் இருக்கிறது” என்று தகப்பனார் சொல்லிவிடுகிறார். தொழுகை, நோன்பு, குளிப்பு இவற்றின் சட்டங்கள் அந்தப் பிள்ளைக்கு இனிமேல்தான் தேவைப்படப் போகின்றன. அவன் அப்போது மதரஸாவில் இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிப் பலகையைப் பிடித்த நாளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம். மதரஸாவை விட்டுப் போன நாளில் அவன் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நமக்கு வழிகாட்டி இருக்கிறதா? நிறைய இருக்கிறது. ஹஜ்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டுக்கு வந்தபோது அவர்களுக்கு வயது பத்து. தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் தம் முந்தானைத் துணியில் பாதியைக் கீழாடையாகவும் பாதியை மேலாடையாகவும் மகனுக்கு உடுத்திக் கொண்டுவந்து, இவன் தங்களுக்குப் பணிவிடை செய்யட்டும், இவனுக்காக துஆச் செய்யுங்கள் என்று ஒப்படைத்தார்கள். பத்து வருடம் அங்கே இருந்தார்கள். பத்து வயதிலிருந்து இருபது வயது வரை! ஒரு மனிதன் மிகுதியாகத் தவறு செய்கிற, மறக்கிற, மறுத்துப் பேசுகிற, பாதி வேலையில் விளையாடப் போய்விடுகிற வயது அது. அந்தப் பத்து வருடத்தில் ஒரு தடவைகூடத் தம்மைப் பார்த்து நாயகம் (ஸல்) அவர்கள் ‘சீ’ என்று சொன்னதில்லை, செய்ததை ஏன் செய்தாய் என்றோ செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அனஸ் (ரலி) அவர்களே பிற்காலத்தில் சாட்சி சொன்னார்கள்.

இதைக் கேட்டதும், “அவர்கள் ஸஹாபி, சொன்னதைத் தட்டாமல் செய்திருப்பார்கள், கோபம் வர என்ன இருக்கிறது?” என்று சிலருக்குத் தோன்றலாம். இல்லை. ஒரு நாள் ஒரு வேலையாகப் போய்வரும்படி அவர்களிடம் சொல்லப்பட்டது. போக மாட்டேன் என்று அனஸ் வாயால் சொல்லிவிட்டார்கள். மனதில் மட்டும் போகத்தான் நினைத்திருந்தார்கள். புறப்பட்டும் போனார்கள். வழியில், கடைத்தெருவில் சிறுவர்கள் விளையாடிக் கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டார்கள். சற்று நேரத்தில் பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) அவர்கள், முகத்தில் சிரிப்பு. ‘உனைஸ்’ என்று செல்லப் பெயரால் அழைத்து, நம் பாஷையில் அனஸுக்குட்டி என்பது போல, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார்கள் அனஸ். அவ்வளவுதான், கதை முடிந்தது.

நம் வீட்டில் இது நடந்தால் எப்படி முடியும்? வேலை சொன்னோம், மாட்டேன் என்றான், பிறகு தெருவில் விளையாடிக் கொண்டிருந்தான். மூன்று குற்றம்! பிடரியை நாமும் பிடிப்போம், சிரிப்புதான் இருக்காது. கவனிக்க வேண்டியது ஒன்று: நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. போனாயா என்று கேட்டார்கள், வேலையும் நடந்தது. பரிவு என்றால் கண்டும் காணாமல் விட்டுவிடுவது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

வயதில் சிறியவர்களுக்கும் உரிமை உண்டு, அபிப்பிராயம் உண்டு என்பதை நம்மில் பலர் ஒப்புக்கொள்வதில்லை. நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருந்த ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. வலப்பக்கத்தில் ஒரு சிறுவர். இடப்பக்கத்தில் வயதில் மூத்த பெருமக்கள். வலப்பக்கத்திலிருப்பவருக்கு முதலில் கொடுப்பது முறை. பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க எனக்கு அனுமதி தருகிறாயா என்று அந்தச் சிறுவரிடம் கேட்டார்கள். தங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். பாத்திரம் அவர் கையில் வைக்கப்பட்டது. நம் சபைகளில் ஒரு சிறுவன் அப்படிச் சொல்லியிருந்தால், ‘மரியாதை தெரியாத பையன்’ என்ற பெயர் அந்த ஊர் முழுவதும் பரவியிருக்கும்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளிலும் நாம் கேட்கும் வரலாறுதான். மகனை அறுப்பதாக நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் கனவு கண்டார்கள். அல்லாஹ்வின் கட்டளை, அதில் மாற்றமில்லை. அப்படியிருந்தும் மகனைக் கூப்பிட்டு, அருமை மகனே என்று அழைத்து, கனவைச் சொல்லி, உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டதாகத் திருமறையின் ஸாஃப்ஃபாத் அத்தியாயம் கூறுகிறது. அப்போது மகனின் வயதைக் குர்ஆன் எப்படிக் குறிப்பிடுகிறது தெரியுமா? தந்தையோடு சேர்ந்து நடந்து உழைக்கும் பருவத்தை அடைந்தபோது என்று. விரிவுரையாளர்களில் சிலர் பதின்மூன்று வயது என்று சொல்லியிருக்கிறார்கள். நம் கணக்கில் எட்டாம் வகுப்பு! குர்பானியின் சட்டங்களையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிற நாம், அந்தத் தகப்பனார் மகனிடம் கேட்ட கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறோம். எந்தப் பள்ளிக்கூடம், எந்த டியூஷன், எந்த ஊருக்கு மாற்றல், இவற்றிலெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டவர் எத்தனை பேர்?

பிள்ளை தானாக வந்து சொல்கிற வீடு எது? யூசுஃப் (அலை) அவர்கள் கனவு கண்டதும் ஓடிப்போய்த் தகப்பனாரிடம்தான் சொன்னார்கள். பதினொரு நட்சத்திரமும் சூரியனும் சந்திரனும் எனக்குப் பணியக் கண்டேன் என்று ஒரு சிறு பிள்ளை சொன்னால் நாமாக இருந்தால் என்ன சொல்வோம்? “போய்ப் படிக்கிற வேலையைப் பார்.” யஃகூப் (அலை) அவர்கள் கேட்டார்கள், நம்பினார்கள், அதற்குத் தக்க புத்தியும் சொன்னார்கள்.

நெய்வேலி அன்பர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்லலாம். அங்கே நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக் கொண்டிருக்கிறது. மேல்மண்ணை அகற்றிவிட்டால் அந்த நீர் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்து கொண்டு வந்துவிடும். ஆகையால் சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக் கொண்டேயிருக்கிறார்கள். அந்தப் பம்பை ஒரு நாள்கூட முழுவதும் நிறுத்திவைக்க முடியாது. பாலிகாகும் வயதுப் பிள்ளையின் மனமும் அப்படித்தான். தினம் கொஞ்சம் பேச விட்டால் போதும். பத்து நாள் பேச்சை அடைத்துவைத்து, பதினோராம் நாள் ஒரே மூச்சில் உபதேசம் செய்தால் ஒன்றும் நடப்பதில்லை.

இனி, பிரம்பைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. ஏழு வயதில் தொழ ஏவும்படியும், பத்து வயதில் விட்டால் அடிக்கும்படியும் வந்துள்ள ஹதீஸை எடுத்துக்காட்டி, மதரஸாக்களிலும் வீடுகளிலும் கை ஓங்குகிறவர்கள் உண்டு. அந்த ஹதீஸின் முதல் பாதியைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஏழிலிருந்து பத்து வரை மூன்று வருடம். ஒரு நாளைக்கு ஐந்து வக்து. ஐயாயிரம் தடவைக்கு மேல் வாயால் ஏவ வேண்டும், கூடவே கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். ஐயாயிரம் தடவை அன்போடு கூப்பிட்ட தகப்பனுக்குச் சொல்லப்பட்ட அனுமதியை, ஐம்பது தடவைகூடக் கூப்பிடாதவர் எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? அதிலும் சட்ட மேதைகள் எத்தனை நிபந்தனை வைத்தார்கள்! முகத்தில் கூடாது, காயமோ தழும்போ உண்டாகக் கூடாது, கோபத்தில் கூடாது. கடுமையாக அடித்தால்தான் திருந்துவான் என்ற நிலை இருந்தால் அப்போது இலேசாகவும் அடிக்கக் கூடாது, ஏனெனில் பயனில்லாத அடிக்கு அனுமதியில்லை என்றார்கள் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, போர்க்களத்தில் தவிர, தம் கையால் யாரையும் அடித்ததே இல்லை; எந்தப் பெண்ணையும் இல்லை, எந்தப் பணியாளரையும் இல்லை என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறும் உண்மை.

அறுநூறு வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்த இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’ நூலில் இதற்கென்றே ஒரு பகுதி எழுதினார்கள். கடுமையில் வளர்க்கப்பட்ட மாணவனின் மனம் சுருங்கிவிடும், ஊக்கம் போய்ச் சோம்பல் வரும், மேலே விழும் கைக்குப் பயந்து பொய்யும் சூதும் பழகிவிடும் என்பது அவர்களின் முடிவு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும்போது, மாணவரைத் தம் மக்களைப் போல் பாவித்து இரக்கம் காட்டுவதை முதலாவதாக வைத்தார்கள். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விட வேண்டும், ஓயாமல் படிப்பிலேயே நெருக்கினால் அதன் உள்ளம் செத்துப் போகும் என்றும் எழுதினார்கள். பள்ளிக்கூடம், டியூஷன், பிறகு மதரஸா என்று நம் பிள்ளைகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் அவர்கள் என்ன சொல்வார்களோ!

நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்திருக்கிறது. 2012-இல் வந்த திருத்தத்தின்படி மதரஸாக்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பொருந்தாது என்பதற்காகப் பிள்ளையின் முதுகு வேறு முதுகாகிவிடுமா? பகலில் பள்ளிக்கூடத்தில் அடி இல்லை, மாலையில் அல்லாஹ்வின் வேதம் ஓதும் இடத்தில் அடி உண்டு என்றால், அந்தப் பிள்ளையின் மனதில் தீனைப் பற்றி என்ன பதியும்?

அடுத்துச் சொல்லப் போவதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறோம். ஆனாலும் எழுத வேண்டியது. ஒழுங்காக சுபுஹுக்கு வந்துகொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பையன் திடீரென்று வராமல் போகிறான். எழுப்பினால் எழுந்திருப்பதில்லை, அல்லது தொழுதுவிட்டேன் என்று பொய் சொல்லுகிறான். தகப்பனார் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறார். உண்மையில் சில வேளை நடப்பது வேறு. உறக்கத்தில் குளிப்பு கடமையாகியிருக்கிறது. அது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நோயோ என்று பயப்படுகிறான். பாவமோ என்று கலங்குகிறான். அந்த நிலையில் பள்ளிவாசலுக்குள் நுழைய அஞ்சுகிறான். விடியற்காலையில் குளித்தால் வீட்டார் ஏன் என்று கேட்பார்களே என்று வெட்கப்படுகிறான். ஒரே ஒரு தடவை தகப்பனாரோ, மாமுவோ, ஹஜ்ரத்தோ தனியாக உட்கார வைத்து, இது நோயுமல்ல, பாவமுமல்ல, அல்லாஹ் உன்னைப் பெரிய மனிதனாக்கி இருக்கிறான், இனிக் குளிப்பு இப்படி, நிய்யத்து இப்படி என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை ஜமாஅத்தை விட்டுப் போயிருக்காது. தொழவில்லையே என்று கோபப்படுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் தாய்மார்கள் ஓரளவு சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் பலரும் ‘தொடாதே, போகாதே’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்த நாட்களில் தொழுகை இல்லை, விட்ட நோன்பை எப்போது களாச் செய்ய வேண்டும், எப்போது குளிக்க வேண்டும் என்பது தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். மார்க்கத்தைத் தெரிந்துகொள்ள நாணம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். இதே குளிப்பு விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து விளக்கம் கேட்டவர்களும் அனஸின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள்தான். மகனைப் பரிவான கையில் ஒப்படைத்த தாய்க்கு, கேட்க வேண்டியதைக் கேட்கவும் தெரிந்திருந்தது. பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று சொல்லி மதரஸாவை நிறுத்துகிறவர்கள், அவளுக்கு ஓதிக் கொடுக்க ஓர் ஆலிமாவையோ, ஓதிய ஒரு சாச்சியையோ ஏற்பாடு செய்த பிறகு நிறுத்தட்டும்.

பிள்ளை நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுவதும் இதில் சேர்ந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவர் அனஸிடம் ஒரு இரகசியக் காரியத்தை ஒப்படைத்தார்கள். தாமதமாக வீடு திரும்பியவரிடம் தாயார் காரணம் கேட்க, அது இரகசியம் என்றார் மகன். அப்படியானால் அதை யாரிடமும் சொல்லாதே என்று தாயாரே சொல்லிவிட்டார்கள். வயதான பிறகும் அனஸ் (ரலி) அவர்கள் அதை வெளியிடவில்லை. நாமோ, மகள் தயங்கித் தயங்கிச் சொன்னதை அன்று மாலையே அடுத்த வட்டத்திலிருக்கும் மாமியிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். மறுபடி அவள் எதையும் சொல்வாளா?

ஆனால் ஒன்றை மட்டும் மூடி வைக்கக் கூடாது. யாரோ தன்னைத் தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்கள், பயமுறுத்துகிறார்கள் என்று பிள்ளை சொன்னால், அது உறவுக்காரராக இருந்தாலும், பாடம் சொல்லிக் கொடுப்பவராக இருந்தாலும், ஊரின் மானம், பள்ளியின் மானம் என்று மறைக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் மறைப்பதே குற்றம். குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் யாரும் பேசலாம். பிள்ளையை முதலில் நம்ப வேண்டும், விசாரணையெல்லாம் பிறகு.

தகப்பனை இழந்த பிள்ளைகளை இங்கே தனியாக நினைக்க வேண்டியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மே 7, ஜூலை 1 ஆகிய நாட்களில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தனர். எல்லா மதத்தார் வீட்டிலும் துக்கம் ஒன்றுதான். இப்படி விபத்தாலோ நோயாலோ தகப்பனை இழந்த வீட்டுக்கு ஜனாஸாவின்போது ஊரே வருகிறது. இத்தா முடியும் வரை சாப்பாடு வருகிறது. அன்று எட்டு வயதாக இருந்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயதாகும்போது யாரும் வருவதில்லை. ஷரீஅத்தில் யத்தீம் என்பது பாலிகாகும் வரைக்கும் உள்ள பெயர். அந்தப் பெயர் நீங்குவதற்கு முந்தைய கடைசி வருடங்களில்தான், முன்சொன்ன குளிப்பின் சட்டத்தையும், ஆண்பிள்ளையாக நடந்துகொள்ளும் விதத்தையும் அந்தப் பையனுக்குச் சொல்ல ஓர் ஆண் தேவைப்படுகிறார். யத்தீமை ஆதரிப்பவரும் தாமும் சுவர்க்கத்தில் இரு விரல்களைப் போல் நெருங்கியிருப்போம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சைகை செய்து காட்டியது, பெருநாளுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுப்பதோடு தீர்ந்துவிடுகிற காரியமா?

சேட்டைக்காரப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹுனைன் போரிலிருந்து திரும்பும் வழியில் பாங்கு சொல்லப்பட்டபோது, சில இளைஞர்கள் அதைக் கேலி செய்து உரக்கக் கத்தினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை வரவழைத்து, உரத்த குரல் யாருடையது என்று கேட்டார்கள். எல்லாரும் அபூமஹ்தூராவைக் காட்டினார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரை நிறுத்தி வைத்து, பாங்கின் சொற்களை ஒவ்வொன்றாகத் தாமே சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளி வைத்த ஒரு பையும் கொடுத்தார்கள். அவர் நெற்றியில் கை வைத்துத் தடவி துஆச் செய்தார்கள். உள்ளத்தில் இருந்த வெறுப்பெல்லாம் அன்பாக மாறிவிட்டது. மக்காவில் பாங்கு சொல்லும் பொறுப்பை அவரே கேட்டார், கிடைத்தது. கடைசி ஸஃப்பில் நின்று சிரிக்கிற பையனை மோதினார் விரட்டுகிறார் என்றால், அவனுக்கு ஒரு நாள் இகாமத் சொல்லும் வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்கலாம்.

மதரஸாவுக்கு வருகிற பிள்ளைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ள ஹஜ்ரத்துமார்களுக்குப் பெரிய வித்தை தேவையில்லை. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஒத்த வயதுடைய வாலிபர்கள் சிலரும் இருபது இரவுகள் மதீனாவில் தங்கிப் பாடம் கேட்டார்கள். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தாமாகவே உணர்ந்து, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கேள்வி போதும். எந்த வட்டத்தில் வீடு, அத்தாவுக்கு இந்த வாரம் என்ன ஷிப்டு, நிரந்தர வேலையா ஒப்பந்த வேலையா, பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் கஷ்டம், யாராவது கிண்டல் செய்கிறார்களா? வாரத்துக்கு நான்கு பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு மாதத்தில் மதரஸா முழுவதும் கேட்டு முடிந்துவிடும். பள்ளிக்கூட ஆசிரியர்களையும் மறந்துவிடக் கூடாது. ரமளானில் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, நோன்பா தம்பி என்று பரிவோடு கேட்கிற ஆசிரியர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்களைப் போய்ப் பார்த்து ஒரு நன்றி சொல்ல நம் தகப்பன்மார்களுக்கு ஏன் நேரம் கிடைப்பதில்லை?

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்து, 2020 மார்ச்சில் நாலாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2021 நவம்பரில் ஆறாம் வகுப்பில்தான் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தது. அப்போது அரசாங்கம் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அந்தந்தப் பகுதித் தன்னார்வலர்கள் மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வீட்டருகிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பெரிய கட்டிடமோ பெரிய சம்பளமோ இல்லாமல், தெருவில் தெரிந்த ஓர் அக்கா உட்கார்ந்து கேட்டதே அந்தப் பிள்ளைகளுக்குப் பலமாக இருந்தது. கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் இதையே தங்கள் வட்டத்தில், அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் செய்யலாம். டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யலாம். அரை மணி நேரம் பள்ளிக்கூடப் பாடம், கால் மணி நேரம் மார்க்கச் சட்டம், மிச்சம் பந்து விளையாட்டு.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்கள் உங்கள் பதிவேட்டில் ஒழுங்காக இருக்கின்றன. ஓதுவதை நிறுத்திய பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றனவா? ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்து, ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பெரியவரின் பெயரை எழுதுங்கள்; தகப்பன் இல்லாத பிள்ளைகளின் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். மாதம் ஒரு தடவை அவர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், உம்மாவின் முன்னிலையில் ஒரு டீ குடித்து, மார்க்கைப் பற்றிக் கேட்காமல் பேசிவிட்டு வரட்டும். முதல் மாதம் பிள்ளை ‘ம்’ என்று மட்டும்தான் சொல்லும். அதற்காக இரண்டாம் மாதம் போகாமல் இருந்துவிட வேண்டாம்.